சாலை போட்ட கைகள்

கோடை விடுமுறை நெருங்கினால் ஊட்டி, கொடைக்கானல் என்று பேசிக்கொண்டிருந்த மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களின் பட்டியலில் இப்போது லடாக்கும் சேர்ந்துவிட்டது. இதில் சினிமாவுக்கும் பங்குண்டு. 1998-ல் மணிரத்னத்தின் ‘உயிரே’ லடாக் மலைகளைக் காட்டியது. 2009-ல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தின் கடைசிக் காட்சி பாங்காங் ஏரியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

லே நகரில் புறப்பட்டு லேக்கே திரும்பும் சுற்றுப்பாதை அது. கர்துங் லா கணவாய், நுப்ரா பள்ளத்தாக்கு, ஷியோக் ஆற்றங்கரை, பாங்காங் ஏரி, சாங் லா கணவாய் என ஏறக்குறைய 450 கி.மீ. மூன்று நாளில் சுற்றி வந்துவிடலாம். வழியில் ஹுண்டர் கிராமத்தருகே, பனிச் சிகரங்களின் காலடியில் மணல்மேடுகள். அவற்றின் மீது இரட்டைத் திமில் ஒட்டகங்கள். மத்திய ஆசியாவோடு நடந்த பழைய வணிகத்தின் மிச்சம்.

மலைமேல் பாலைவனம் எப்படி வந்தது? மும்பையை நனைக்கும் பருவக்காற்று இமயத்தைத் தாண்டுவதற்குள் ஈரத்தை இழந்துவிடுகிறது. லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மி.மீ. 2005 ஜூலை 26-ல் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் கொட்டியது 944 மி.மீ.!

இத்தனையையும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறது என்றால் காரணம் சாலை. 1985 முதல் அதைக் கவனித்து வருவது எல்லைச் சாலை அமைப்பின் ஹிமாங்க் பிரிவு. வழிநெடுக அது நட்டிருக்கும் வேடிக்கையான எச்சரிக்கைப் பலகைகள் எல்லோருடைய ஆல்பத்திலும் இடம்பிடிக்கின்றன. பலகைக்குப் பக்கத்தில் கல் உடைப்பவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

அவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பகுதிச் சந்தால் பழங்குடிகள். லே நகரின் உயரமே 11,500 அடி. அங்கே இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வெடுங்கள், 17,582 அடி உயரக் கர்துங் லாவில் அதிக நேரம் நிற்காதீர்கள் என்று பயணிகளுக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். பயணி பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த உயரங்களில்தான் தொழிலாளி பொழுதெல்லாம் மண் வெட்டுகிறார், தார் காய்ச்சுகிறார்.

நாடு அவர்களைக் கவனித்தது 2020-ல். ஊரடங்கில் சிக்கிய 60 தொழிலாளர்களை மே 29 அன்று ஜார்க்கண்ட் அரசு லேயிலிருந்து விமானம் ஏற்றி ராஞ்சிக்கு அழைத்து வந்தது. அடுத்த மாதமே தும்காவிலிருந்து சிறப்பு ரயிலில் சுமார் 1,600 பேர் மீண்டும் லடாக்குக்குக் கிளம்பினார்கள். கூலி ‘மேட்’ என்கிற இடைத்தரகர் கைக்குப் போகாமல் நேராக வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்று மாநில அரசு அப்போது வற்புறுத்தியது. அதே ஜூன் 15 இரவு, ஷியோக்கில் கலக்கும் கல்வான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். எல்லையில் சாலை எவ்வளவு முக்கியம் என்று பேசாதவர்கள் இல்லை. சாலை போடுகிறவருக்கு என்ன கூலி என்று கேட்டவர்கள்தான் குறைவு.

மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் உழைப்பும் சேர்ந்து உருவானது தாராவி. நகரம் அவர்களின் சரக்கை வாங்கிக்கொண்டது. அவர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்க நெடுங்காலம் ஆனது.

இதற்காக யாரும் லடாக் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. தார்ப்பீப்பாய் அருகே நிற்பவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கும்படி டிரைவரிடம் சொன்னால் போதும். கார் கிளப்பும் புழுதி அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. அந்த உயரத்தில் மூச்சுக்காற்று தாராளமாகக் கிடைப்பதில்லை.