பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில்



வாழ்வாதாரம் என்றதும் ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்றே இப்பக்கத்தில் எழுதிப் பழகிவிட்டோம். இம்முறை வாகனத்தைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் சிலரிடம் சொந்தமாகக் கெப் வாகனம் இருக்கிறது. கணவர் விட்டுச் சென்றது, வெளிநாட்டிலுள்ள சகோதரர் வாங்கித் தந்தது, லீசிங்கில் எடுத்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அதை ஓட்டுபவர் வேறொருவர். பழுதென்றால் கராஜில் பேசுபவரும் வேறொருவர். பணம் கொடுப்பது மட்டும் நாம்.

மடுல்கெல்லப் பக்கத்தில் நான் போய்வரும் தோட்டமொன்றில் ஒரு அக்கா இருக்கிறார். 1977 கலவரத்தின் பின் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2009 இல் கணவரை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பிள்ளைகளுடன் அத்தையின் லயத்துக்கே திரும்பினார். பேச்சில் வன்னியும் தோட்டமும் கலந்திருக்கும். சேமிப்போடு லீசிங்கும் சேர்த்து ஒரு பழைய டபுள் கெப் வாங்கினார். நான்கு சில்லுக்கும் இழுவை உள்ள, ‘போர்வீல்’ என்று நாம் சொல்லும் வகை. தம்பி முறையான ஒருவர் ஓட்டுகிறார். காலையில் மரக்கறி வத்தேகமைக்குப் போகும். இரவில் யாருக்காவது வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகும். அந்தக் கற்பாதையில் வேறு வாகனம் ஏற மறுக்கும்.

சில மாதங்களுக்கு முன் அவர் சொன்னார்: “மிஸ், வண்டி பின்னுக்கு ஊளையிடுது. டிபரன்ஷியல் செட்டையே மாத்தணுமாம்.” கராஜில் கேட்ட தொகை ஐந்து மாதத் தவணைக்குச் சமம். இரண்டு தவணை தவறினாலே லீசிங்காரர் வாசலில் நிற்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். “கழற்றிப் பார்த்தார்களா?” என்று கேட்டேன். சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்களாம். அதுவும் தம்பியிடம்தான். பக்கத்தில் நின்ற உரிமையாளரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் இல்லை.

பேராதனையில் சமூகவியல் படித்த எனக்கு டிபரன்ஷியலைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. நான் அறிந்ததெல்லாம் வேறொரு கராஜிலுள்ள வயதான மெக்கானிக் ஒருவர் அந்த அக்காவுக்கு விளக்கியபோது கூட நின்று கேட்டதும், பிறகு தேடி வாசித்ததும்தான்.

இயந்திரத்தின் பலத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பற்சக்கரங்கள் இவ்வகைக் கெப்பில் நான்கு இடங்களில் உள்ளன. கியர் பொக்ஸ், அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரிக்கும் பெட்டி, முன் டிபரன்ஷியல், பின் டிபரன்ஷியல். இவை பெரும்பாலும் தனித்தனி ஒயிலில் ஓடுகின்றன. சாரதிமார் நாள்தோறும் பார்ப்பது எஞ்சின் ஒயிலை மட்டுமே. மற்ற நான்கையும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அக்காவின் லயத்துக்குக் கீழே ஓடையைக் கடக்க ஒரு சப்பாத்துப் பாலம் இருக்கிறது. வன்னியில் தாம்போதி என்பீர்களே, அதுதான். மழை பெய்தால் அதன் மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடும். பாரத்தோடு வரும் கெப்பின் டிபரன்ஷியல் நன்றாகச் சூடேறியிருக்கும். உள்ளிருக்கும் காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். குளிர்ந்த மலைத் தண்ணீரில் இறங்கியதும் அக்காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கப் பார்க்கும். இதற்காகவே டிபரன்ஷியலின் மேற்பக்கத்தில் ‘பிரீதர்’ என்ற சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். சேற்றால் அது அடைபட்டிருந்தால் தேய்ந்த ஒயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். துளை திறந்திருந்தாலும் அது தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் வழியாகவே போகும். ஒரு தடவையில் போவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கெப் நாளுக்கு இரண்டு தடவை கடக்கிறது.

தண்ணீர் கலந்த ஒயில் பற்சக்கரங்களுக்கிடையில் அடிபட்டு நுரைத்துவிடும். பிறகு அது பற்களுக்கு நடுவே படலமாக நிற்காது. இரும்போடு இரும்பு உரசும். வண்டி நிற்கும் நாட்களில் பெயாரிங் துருப்பிடிக்கும். ஊளைச் சத்தம் வருவதற்குள் பாதிச் சேதம் நடந்திருக்கும்.

அந்த மெக்கானிக் வண்டியை இரவு முழுவதும் மட்டமான தரையில் நிறுத்தி வைக்கச் சொன்னார். காலையில் அக்காவின் கண்முன்னால் முதலில் ஒயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்றினார். (மேல் பிளக் இறுகிக் கிடப்பது தெரியாமல் கீழே திறந்து ஒயிலை இறக்கிவிட்டால், திரும்ப ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். இந்த வரிசையை மறக்க வேண்டாம்.) பிறகு கீழ் பிளக். ஒயிலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டியது. பின்னாலேயே வந்தது ஒயில். புது கியர் ஒயில் கித்துள் பாணி போலவும், ஓடிப் பழையதானது கடும் பிளேன்டி போலவும் இருக்கும். இது அச்சொட்டாகப் பால் தேத்தண்ணி. அக்கா சிரித்தே விட்டார். “இதுக்குச் சீனி மட்டுந்தான் போடல்ல” என்றார்.

கீழ் பிளக்கில் காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறப் பசை போல நுண்துகள் ஒட்டியிருப்பது வழமை, பயப்பட ஒன்றுமில்லை. நகத்துண்டு போல இரும்புச் சில்லுகள் இருந்தால்தான் பல் உடைந்திருக்கிறது என்று பொருள். அன்று சில்லுகள் இல்லை. உள்ளே பற்சக்கரங்கள் சரியாகவே இருந்தன. இரண்டு பெயாரிங்கும் ஒயில் சீல்களும் மாற்ற வேண்டி வந்தது. ஒயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, இறக்கிவிட்டு, மறுபடியும் புதிது ஊற்றினார்கள். மண்ணெண்ணெயால் கழுவலாம் என்று தம்பி சொன்னதை அந்த மெக்கானிக் கேட்கவில்லை. உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது ஒயிலையும் நீர்க்க வைக்கும் என்றார். பிரீதரைச் சுத்தம் செய்து அதில் ஒரு நீண்ட ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் பொனற்றுக்குள் உயரத்தில் கட்டிவிட்டார். ஒரு மாதத் தவணைக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு, ஒன்பது நாள் ஓட்டமில்லை. அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் கெப் அவர் கையில் நின்றது.

உங்கள் வாகனத்தில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஐயம் இருந்தால், கொஞ்சம் ஒயிலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு இரவு வையுங்கள். சில வேளை அடியில் தண்ணீர் பிரியும். பிரியாமல் கலங்கியே இருந்தால், முற்றத்தில் பழைய தகர மூடியைச் சூடாக்கி ஒரேயொரு துளி விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது போலப் படபடக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகளை அருகே விட வேண்டாம். ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே எவரையும் போக விடாதீர்கள்.

ஒயில் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜி.எல். 5 என்று டின்னில் எழுதிய தடித்த ஒயில் வேண்டும். கியர் பொக்ஸுக்குப் பல வண்டிகளில் ஜி.எல். 4 தான் கேட்கப்பட்டிருக்கும். மிஞ்சியதை அங்கே ஊற்றினால் உள்ளிருக்கும் பித்தளை வளையங்கள் கெடலாம். வாகனத்தோடு வந்த புத்தகத்தில் உள்ளதைப் பாருங்கள்.

ஓட்டோ கியர் உள்ள கெப்பில் ஓடைத் தண்ணீர் இல்லாமலும் இதே வினை வரும். அதன் கியர் ஒயிலைக் குளிரச் செய்யும் குழாய் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் வெடிப்பு விழுந்தால் ரேடியேட்டர் தண்ணீரும் சிவப்புக் கியர் ஒயிலும் கலந்து ரோஸ் நிறப் பால் போலாகிவிடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான நிசான் ஃபுரொன்டியர் கெப்களிலும், அதே நிறுவனத்தின் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வாகனங்களிலும் இது பரவலாக நடந்தது. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்றும், பிறகு 10 ஆண்டு அல்லது 100,000 மைல் என்றும் நீட்ட வேண்டி வந்தது. நமக்கு அப்படி வழக்காட வசதியில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கெப்களின் விலை எங்கோ போய்விட்டது. கையிலிருப்பதைக் காப்பாற்றுவதே நமக்கிருந்த வழி. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி. கண்டி மாவட்டம் மண்சரிவால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் முழுதாக மூழ்கிய வாகனம் எதுவாயினும், ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் எல்லா ஒயிலையும் இறக்கிப் பாருங்கள். இறக்கியதை ஓடையில் ஊற்ற வேண்டாம். எங்கள் பக்கத்து ஹுலு கங்கை மகாவலியில் போய்ச் சேர்கிறது. கானில் அடைத்துக் கராஜிலேயே ஒப்படையுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: வயல் சேற்றில் இறங்கும் உழவு இயந்திரத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தும். பல உழவு இயந்திரங்களில் கியருக்கும் பின் அச்சுக்கும் கலப்பையைத் தூக்கும் பகுதிக்கும் ஒரே ஒயில்தான். அது பால் நிறமானால் கலப்பை தூக்குவதும் மந்தமாகும். காலபோக உழவு தொடங்குமுன் ஒரு காலையில், இயந்திரத்தை எடுக்காமல், அடிப் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி முதல் துளியைக் கையில் வாங்கிப் பாருங்கள், சகோதரி. என்ன நிறம் என்று எனக்கும் எழுதுங்கள்.