புதுப் பெயின்ட் அடித்த சேஸை நம்பாதீர்கள்

குமாரபாளையம் பைபாஸ் ஓரத்துப் பட்டறைக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி நெருங்கிய லாரி ஒன்று வந்து நின்றால், முதலில் திறப்பது பெயின்ட் டப்பாதான். ஸ்பேனர் பெட்டி அப்புறம். "மொதல்ல பெயின்ட அடிச்சுப்போடலாமுங்ணா, வண்டி புதுசாட்டம் ஆயிரும். மத்ததெல்லாம் ஓட்டிக்கிட்டே பாத்துக்கலாம்" என்பார் பட்டறைக்காரர். ஓனரும் சரி என்பார். கையில் இருக்கிற பணத்தில் பாதி கேபினுக்கும் பாடிக்கும் போய்விடும். மிச்சத்தில் பிரேக் லைனர் மாற்றலாமா, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மாற்றலாமா என்று யோசித்து, கடைசியில் இரண்டையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு வண்டி லோடுக்குக் கிளம்பும்.

பழைய லாரிக்குப் பெயின்ட் அடித்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை இந்த வட்டாரத்தில் இவ்வளவு ஆழமாக இருப்பதுதான் வேடிக்கை. லாரியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு வெளியாள் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் கட்டிய பாடி காஷ்மீர் வரை ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. சங்ககிரியில் மூன்று தலைமுறையாக லாரித் தொழில் செய்யும் குடும்பங்கள் உண்டு. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர்கள், வண்டியை வைத்திருப்பதா விற்பதா என்ற பேச்சு வந்ததும் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

பெயின்ட் வீண் என்று நான் சொல்லவரவில்லை. இரும்புக்கும் மழைக்கும் நடுவில் நிற்கிற ஒரே காவல் அதுதான். துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்துக் காயவிட்டு, அதன் மேல் இரண்டு கோட் அடிக்கிற வேலை வேறு. எஃப்.சி.க்கு முதல் நாள் சாயங்காலம் சேஸுக்கு அடியில் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்துச் சேற்றின் மேலேயே கறுப்பை அடிக்கிற வேலை வேறு. முதலாவது பராமரிப்பு. இரண்டாவதைக் காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை மாட்டி வேலைக்கு அனுப்புவது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவதால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. லாரி சேஸ் என்பது இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களோடு ரிவெட் அடித்துச் சேர்த்தது. ஒரு ரிவெட் தளர்ந்தால் அது உள்ளுக்குள் அசையும். அசைகிற இடத்தில் இரும்பு தேய்ந்து பொடியாகும், அந்தப் பொடி ஈரம் பட்டுத் துருவாகி, ரிவெட் தலைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழியும். வெடிப்பும் அப்படித்தான். பட்டா பிராக்கெட் பிடித்திருக்கிற இடத்தில், ஓவர்லோடு தாங்காமல் சேஸில் மயிரிழை போல விரிசல் விட்டால், முதலில் கண்ணுக்குத் தெரிவது விரிசல் அல்ல, அதன் வழியே கசிகிற துருக்கோடுதான். தன் நோவைச் சொல்ல லாரிக்கு இருக்கிற வழி இது. பழைய மெக்கானிக் ஒருவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தால் தேடுவது இந்தக் கோடுகளைத்தான். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் கணீரென்று சொல்லும், தளர்ந்த இடம் செத்த சத்தம் கொடுக்கும்.

எஃப்.சி. பெயின்ட் அத்தனை கோடுகளையும் ஒரே மாலையில் அழித்துவிடுகிறது. மறுபடி அந்த விரிசல் பெயின்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உடைந்த பட்டா ஒன்று செட்டுக்கு நடுவில் இருந்தால் கறுப்பு பெயின்ட் அதையும் மூடிவிடும். கிரீஸ் நிப்பிள் வாயில் பெயின்ட் அடைத்துக்கொண்டால் கிங் பின்னுக்கு கிரீஸ் ஏறாது. சூட்டில் நீலம் பாய்ந்த பிரேக் டிரம்மின் நிறம் மறைந்துபோகும். ஏர் ஹோஸ் ரப்பரில் விட்ட கீறல் பெயின்டுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஓரத்தில் பெயின்ட் தெறித்து, ராத்திரியில் பின்னால் வருகிறவனுக்கு வண்டி பாதிதான் தெரியும். காசு கொடுத்து வாங்கிக்கொண்ட சங்கடங்கள் இவை.

இந்த ஊருக்கு என்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இங்கே சாயத் தொழில் நடக்கிறது, சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். தூத்துக்குடி உப்பு ஏற்றிய லாரியின் பலகை இடுக்கில் எத்தனை கழுவினாலும் உப்பு தங்கும். மழை பெய்தால் அது கரைந்து சேஸ் மேல் சொட்டும். உப்புத் துருவின் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஈரத்தையும் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டிவைத்ததாகத்தான் அர்த்தம். வெளியே கறுப்பாக மினுங்கும், உள்ளே இரும்பு பொருக்குப் பொருக்காக உப்பும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அப்பளம் போலப் பெயர்ந்து வரும் அந்த இடத்தின் மேல்தான் பத்து டன் லோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் சட்டத்துக்கும் சோதனை முறைக்கும் பங்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 90, நேஷனல் பெர்மிட் லாரி காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில், 30 சென்டிமீட்டர் வெள்ளைக் கரையோடு இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. விதி 121, ராணுவம் தவிர வேறு யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. எஃப்.சி. என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து கண்ணால் பார்ப்பது என்றே பல காலம் இருந்தது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அவர் கீழே குனிய மாட்டார் என்பது பட்டறை ஞானம். அது பல நேரம் பலிக்கவும் செய்தது. பலித்ததால் நம்பிக்கை ஆயிற்று.

இனி அது பலிக்காது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள், அப்புறம் 2024 அக்டோபர் 1க்குத் தள்ளினார்கள். நிலையம் வந்த ஊரில் நடைமுறை மாறுகிறது. சக்கரத்தை உருளை மேல் ஏற்றி நிறுத்தினால் இடது பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாக எழுதிக் காட்டுகிற கருவிக்கு உங்கள் கேபின் என்ன நிறம் என்று தெரியாது. ஸ்டியரிங் மூட்டுகளில் எவ்வளவு ஆட்டம் என்று தட்டை அசைத்துப் பார்க்கிற கருவிக்கும் தெரியாது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் இந்தச் சோதனை. 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தை 12,500 ரூபாய் ஆக்கி 2021 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது வேறு. இவ்வளவு கட்டணம் கட்டிப் போகிறவன் லைனரை விட்டுவிட்டுப் பெயின்டை அடித்துக்கொண்டு போவது என்ன கணக்கு?

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பதினஞ்சு வருசம் ஆச்சுன்னா கவர்மென்ட்டே ஒடைச்சுப்போடும், அதுல போய் எதுக்குக் காசு போடறீங்க" என்பார்கள். இதுவும் அரைகுறைப் பேச்சு. 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கிய கழிவு வாகனக் கொள்கையில் தனியார் லாரிக்கு அளவுகோல் வயது அல்ல, தகுதிச் சோதனை. 15 வருடத்தோடு பதிவு முடிகிறது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் அரசு வண்டிகளுக்கு. டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு விதித்த தடை தனிக்கதை. வயது இடிக்கிற இடம் பெர்மிட்தான். மல்டி ஆக்சில் அல்லாத லாரிக்கு 12 வருடத்துக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடையாது, மல்டி ஆக்சிலுக்கு 15. அதனால்தான் வடக்கே ஓடிய வண்டி ஒருநாள் உள்ளூர் உப்புக்கும் செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் இறங்குகிறது. அங்கேதான் பராமரிப்பு குறைகிறது, லோடு கூடுகிறது. நல்ல சேஸ் உள்ள பழைய வண்டி, புது பி.எஸ்.6 வண்டியின் சென்சார் தொல்லையும் மாதத் தவணையும் இல்லாமல் இன்னும் பல வருடம் சம்பாதித்துக் கொடுக்கும். அதற்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை. ஆனால் செலவின் வரிசை மாற வேண்டும்.

பாடியைக் கழற்றிவைத்துச் சேஸை உப்புப் போகக் கழுவி, நாள் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் முதல் வேலை. வெடிப்பு எங்கே, எத்தனை இடத்தில் என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஒன்றிரண்டு குறுக்குச் சட்டம் என்றால் மாற்றலாம். நீளச் சட்டத்தின் மேல் கீழ் விளிம்பிலேயே விரிசல் ஓடியிருந்தால், அதன் மேல் தகடு வைத்து வெல்டிங் அடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும். அந்த வண்டிக்குப் பெயின்டும் வேண்டாம், இன்ஜின் வேலையும் வேண்டாம், அதிகாரபூர்வக் கழிவு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால் புது வண்டியின் சாலை வரியில் சலுகை கிடைக்கலாம். சேஸ் தேறினால் அடுத்து பிரேக், ஸ்டியரிங், பட்டா, டயர். அப்புறம் இன்ஜின். இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் பெயின்ட். மிஞ்சாவிட்டால் துரு தெரிகிற இடத்துக்கு மட்டும் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, கேபின் மங்கலாகவே ஓடட்டும். மங்கலான கேபினைப் பார்த்து எந்த லோடும் திரும்பிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"கௌரவம்னு ஒண்ணு இருக்குதல்லங்க?" என்று கேட்பார்கள். இருக்கிறது. பாடியில் பூ வரைந்து, முன்னால் குலசாமி பெயர் எழுதி, ஆயுத பூஜைக்கு மாலை போடுகிற மனிதனின் பிரியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பிரியம் சக்கரத்துக்கும் கொஞ்சம் இறங்கட்டும் என்றுதான் கேட்கிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த சிமென்ட் லாரி வரிசையாக நின்ற வாகனங்கள் மேல் ஏறியதில் நான்கு பேர் செத்தார்கள். அந்த இறக்கத்தில் டிரம் சூடேறுகிறபோது டிரைவருக்கும் முன்னால் போகிற குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது லைனரின் கனம் மட்டும்தான்.

உண்மையில் இந்தப் பெயின்ட் யாருக்காக அடிக்கப்படுகிறது என்றால், பல நேரம் வாங்க வருகிறவனுக்காக. ரீ-ஃபைனான்ஸ் போட வருகிறவர் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் கம்பெனிக்கு அது போதும். சொந்தமாக ஓட்டப்போகிற டிரைவர், நகையை வைத்து முதல் வண்டி வாங்க வருகிறவர், அவருக்குப் போதாது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்த சேஸ் போட்டோவை அவர் கேட்டு வாங்க வேண்டும். இல்லை என்றால், வண்டியைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தித் தன் சொந்த மெக்கானிக்கைச் சுத்தியலோடு கீழே இறக்க வேண்டும். விற்கிறவர் அதற்கும் சம்மதிக்கவில்லையா, சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் விற்பனைக்கு வண்டிகள் நிறைய நிற்கின்றன.