கூட்டம் கலைந்த பிறகும் ஓடும் கணினிகள்

2020 மார்ச் இறுதியில் ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்தபோது, உலகிலேயே அதிகக் கணிப்புத் திறன் எந்த நாட்டு ஆய்வகத்திலும் இருக்கவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில், மாணவர்களின் மேசைகளிலும் கம்ப்யூட்டர் கேம் ஆடுவோரின் அறைகளிலும் அது சிதறிக் கிடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தும் ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டம், புதிய கரோனா வைரஸின் புரதங்களை ஆராய வீட்டுக் கணினிகளை இரவல் தரும்படி பிப்ரவரி கடைசியில் அழைப்பு விடுத்திருந்தது. அதற்கு முன் அதில் இருந்தவை சுமார் 30,000 கணினிகள். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. மார்ச் மாதமே ஒரு எக்ஸாஃப்ளாப் என்ற எல்லையைக் கடந்துவிட்டதாகத் திட்டத்தினர் அறிவித்தார்கள். வினாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட அளவு கணக்குகள்! தனியொரு சூப்பர் கம்ப்யூட்டர் அந்த எல்லையை அதிகாரபூர்வமாகத் தொட்டது 2022 மே மாதத்தில்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃபிரான்டியர் அது.

வந்து குவிந்தவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க சர்வர்களால் முடியவில்லை. கணினியைத் திறந்து வைத்துவிட்டு, வேலை எப்போது வரும் என்று பலர் காத்திருந்தார்கள்.

பிறகு ஊரடங்கு தளர்ந்தது, தடுப்பூசி வந்தது, கூட்டமும் கலைந்தது. திட்டத்தின் கணிப்புத் திறன் அடுத்த சில ஆண்டுகளில் உச்ச நிலையிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் அல்ஸைமர் நோய் பற்றிய ஆராய்ச்சி முடியவில்லை, புற்றுநோய் பற்றியதும் முடியவில்லை. அறிவியலுக்கு வேண்டியது ஒரு மாதத்து ஆர்வம் மட்டும் என்றால் 2020-இல் வந்த கூட்டமே போதும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய வேலைக்கு, ஒருவரையொருவர் அறிந்து, சேர்ந்து இயங்கும் குழுக்கள் வேண்டும். தன்னார்வக் கணிப்பு என்று சொல்லப்படும் இந்த முயற்சி கால் நூற்றாண்டுக்கு மேலாக உயிரோடு இருப்பதில் அத்தகைய குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் கல்லூரிகள் இதில் இறங்குவதாக இருந்தால் குழுவாகவே இறங்க வேண்டும்.

தொடக்கம் 1996. ஜார்ஜ் வோல்ட்மன் என்ற நிரலாளர், மிகப் பெரிய பகா எண்களைத் தேட இணையத்தில் ஆட்களைத் திரட்டினார். அந்தத் தேடல் இன்றும் நடக்கிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். இந்த முயற்சியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது 1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த செட்டி அட் ஹோம். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த சத்தத்தைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரு பொட்டலத்தில் சுமார் 107 வினாடிப் பதிவு. ஆள் எழுந்து போனதும் ஸ்கிரீன் சேவர் விழித்துக்கொண்டு, அதில் வேற்றுலக அறிவின் அடையாளம் ஏதேனும் இருக்கிறதா என்று துழாவும். 50 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தார்கள். வேற்றுலகக் குரல் எதுவும் உறுதிப்படவில்லை. 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புதிய பொட்டலங்கள் அனுப்புவதை அந்தத் திட்டம் நிறுத்திக்கொண்டது. ஆனால் அது விட்டுச்சென்ற பாயிங்க் என்ற மென்பொருள், டஜன் கணக்கான வேறு ஆய்வுகளுக்கு அடித்தளமாகிவிட்டது.

எல்லாக் கணக்கையும் இப்படிக் கூறுபோட முடியாது. ஒரு துண்டின் விடை மற்றொரு துண்டுக்கு நொடிக்கு நொடி தேவைப்படும் வேலை வீட்டுக் கணினிகளுக்கு ஒத்துவராது. நாளைய வானிலை முன்னறிவிப்பு அப்படிப்பட்டது. ஒரே பருவநிலை மாதிரியைச் சற்றுச் சற்று மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பதோ இதற்கென்றே அமைந்த வேலை. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய பருவநிலைத் திட்டம் அதைத்தான் செய்தது. அதன் முதல் பெரிய முடிவு 2005-இல் நேச்சர் இதழில் வந்தது.

புரதக் கணக்கு இன்னும் நுட்பமானது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது மடிந்து ஓர் உருவம் கொண்டால்தான் உடலில் வேலை செய்யும். அந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை 1963-இல் கணக்கிட்டு வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர்கள், அது சரிதானா என்று இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

அந்தப் புரதம் அசைவதைக் கணினியில் பார்க்க வேண்டுமானால், ஒவ்வோர் அணுவின் நகர்வையும் ஃபெம்டோ வினாடிக் கணக்கில் கணிக்க வேண்டும். வினாடியைப் பத்துக் கோடி கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஃபெம்டோ வினாடி. ஒரு படிக்கு இரண்டு ஃபெம்டோ வினாடி என்று வைத்தாலும், ஒரு மில்லி வினாடி அசைவைப் பார்க்க 50,000 கோடி படிகள் ஆகும். அதனால் நீண்ட அசைவைப் பல ஆயிரம் குட்டி ஓட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் முடிந்த இடத்திலிருந்து அடுத்த துண்டு புறப்பட்டு, உலகின் வேறு மூலையில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினிக்குப் போகிறது. தொடர் ஓட்டத்தில் கோல் கை மாறுவது போலத்தான். முதலாமவர் முடிவைத் திருப்பி அனுப்பும் வரை அந்த வரிசையில் அடுத்தவருக்கு வேலை இல்லை. இதனால்தான் ஃபோல்டிங் அட் ஹோமில் ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. சீக்கிரம் முடித்து அனுப்புவோருக்கு ஊக்கப் புள்ளிகளும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. கிரெக் போமன் தலைமையிலான ஃபோல்டிங் அட் ஹோம் குழு, கரோனா வைரஸ் புரதங்களின் 0.1 வினாடி அசைவைக் கணித்தது. அணு அளவிலான இந்த உலகில் அது மாபெரும் நீளம். மூடிக் கிடக்கும் ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பதையும், ஆய்வகப் படங்களில் தென்படாத, மருந்து சென்று ஒட்டக்கூடிய 50-க்கும் மேற்பட்ட மறைவான பள்ளங்களையும் அது காட்டியது. 2021-இல் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் அது வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 2004-இல் தொடங்கிய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில், ஜப்பானின் சிபா புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் 30 லட்சம் வேதிப்பொருள்களைச் சலித்து, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுக்கு எதிராக ஏழு பொருள்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எலிகளில் அவை பலன் தந்ததாக 2014-இல் அறிவித்தார்கள். எலியில் பலித்ததெல்லாம் மருந்துக் கடைக்கு வந்துவிடாது. ஆனாலும் 30 லட்சத்தை ஏழாகக் குறைத்தது பெரிய வேலை.

2010-இல் நடந்தது இன்னும் நெருக்கமான கதை. ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டம், அரெசிபோ பதிவுகளில், துடிப்பு துடிப்பாகக் கதிர்வீசும் நியூட்ரான் விண்மீன்களான பல்சர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும் ஒரே துடிப்பைப் பிடித்தன. வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும், அதுவரை யாரும் அறியாத ஒரு நியூட்ரான் விண்மீன் அது. ஒரே துண்டை இருவேறு ஆட்களுக்கு அனுப்பி, இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்பது இந்தத் திட்டங்களில் பலவற்றின் வழக்கம். கெட்டுப்போன மெமரியையும் புள்ளிக்காகப் பொய் விடை அனுப்புவோரையும் வடிகட்டும் வழி அது. ஆகவே அந்தக் கண்டுபிடிப்பில் இரு வீட்டாருக்கும் சம பங்கு. ஆய்வுக் கட்டுரையிலும் அவர்கள் பெயர் இடம்பெற்றது.

குழுவுக்கு வருவோம். குழுவுக்கென்று தனி ஆராய்ச்சி எதையும் ஒதுக்குவதில்லை. முடித்த வேலைக்குக் கிடைக்கும் புள்ளி, உறுப்பினர் கணக்கோடு குழுக் கணக்கிலும் சேரும். சர்வரைப் பொறுத்தவரை குழு என்பது அவ்வளவே. மனிதர்களைப் பொறுத்தவரை அது நிறைய. கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் பழுதானால் வழி சொல்ல ஆள் இருக்கும். ஒருவரின் கணினி ஒரு வாரமாகப் பேசாமல் கிடந்தால் யாராவது விசாரிப்பார்கள். செட்டி காலத்தில் தோன்றிய ஜெர்மானிய, பிரெஞ்சு, செக், ஜப்பானியக் குழுக்கள் அப்படித்தான் நிலைத்தன. பிரெஞ்சு பேசுவோர் மொழியின் பெயராலேயே ஒரு கூட்டணி வைத்தார்கள். ஜெர்மன் குழு 2010 முதல் பாயிங்க் பெண்டத்லான் என்ற போட்டியை நடத்தி வருகிறது. மாரத்தான், ஸ்பிரிண்ட் என்று ஓட்டப் பந்தயப் பெயர்களோடு, வெவ்வேறு அறிவியல் திட்டங்களில் குழுக்கள் மோதும்.

அந்தப் போட்டியில் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. முடித்த விடைகளை அனுப்பாமல் பதுக்கி வைத்திருந்து, கடைசி நேரத்தில் மொத்தமாகக் கொட்டி எதிரணியைத் திகைக்க வைப்பார்கள். பங்கரிங் என்று அதற்குப் பெயர். ஆட்டத்துக்கு அது சுவை கூட்டலாம். விடைக்காகக் காத்திருக்கும் ஆய்வாளருக்கு அது தாமதம். அடுத்த துண்டுக்காகக் காத்திருப்பவருக்கும் தாமதம். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் இதை முதல் நாளே விலக்கிவைப்பது நல்லது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் யாரையும் இதற்கு அழைப்பது நேர்மையாகாது. சும்மா கிடக்கும் கணினியின் வீணாகும் சக்தி என்று இதைச் சொல்வது பழைய பேச்சு. இன்றைய கணினி சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். கணக்குப் போடும்போதுதான் மீட்டர் ஓடும். 100 வாட் எடுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் கணக்கு மூன்று மடங்காகலாம். அதே கணினி இரவில் ஆறு மணி நேரம் மட்டும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்டோடு முடியும். எந்த நேரத்தில் ஓட வேண்டும், சிபியுவில் எத்தனை சதவீதம் எடுக்கலாம், ஆள் உட்கார்ந்ததும் நிற்க வேண்டுமா என்பதையெல்லாம் பாயிங்க்கில் வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் லேப்டாப்பை முழு மூச்சில் ஓடவிடக் கூடாது. ஃபேனும் பேட்டரியும் தாங்காது.

இன்னொரு கேள்வியும் எழும். ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு? ஆல்ஃபாஃபோல்டு புரதத்தின் உருவத்தை வியக்கத்தக்க வகையில் ஊகித்துச் சொல்கிறது. அந்த உருவம் அசைவதையும், திறந்து மூடுவதையும், மருந்து புகும் இடுக்கு ஒன்று கண நேரம் தோன்றி மறைவதையும் பார்க்க இன்னமும் நெடுங்கணக்குதான் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு வீட்டுக் கணினிகள் வேண்டியிருக்கின்றன.

அனுமதி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினிப் பொறுப்பாளர், நிர்வாகத்தைக் கேட்காமல் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை ஏற்றினார். கிரிமினல் வழக்கு வந்து, 2002-இல் நன்னடத்தைக் கண்காணிப்போடும் பணத் தண்டனையோடும் முடிந்தது. நல்ல நோக்கம் அவரைக் காப்பாற்றவில்லை.

ஆகவே தமிழ்நாட்டின் பொறியியல், அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு துறை, ஒரு ஆய்வுக்கூடம், இருபது கணினிகள் போதும். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மின்செலவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லுங்கள். மென்பொருளைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். குழுவுக்குக் கல்லூரியின் பெயரையே வைக்கலாம். பொறுப்பை இறுதியாண்டு மாணவரிடம் கொடுத்தால் அவர் போனதும் குழு படுத்துவிடும். இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரையும் ஓர் ஆசிரியரையும் சேர்த்துப் பொறுப்பில் வையுங்கள். எந்தத் திட்டத்துக்கு உழைக்கிறீர்களோ அதன் ஆய்வுக் கட்டுரையை மாதம் ஒருமுறை வகுப்பில் வைத்துப் படியுங்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது தொடங்கிவிடுங்கள்.