ஆலிவ் தோப்பும் ஒரு தப்பான தராசும்

ஆலிவ் எண்ணெய் என்று சொன்னவுடன் நம்மவர்கள் இரண்டே விஷயம்தான் பேசுவார்கள். ஒன்று, இதயத்துக்கு ரொம்ப நல்லதாமே. இன்னொன்று, அய்யோ, என்ன விலை! இந்த எண்ணெய்யை எடுக்கிற ஆளுக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஆளைப் பற்றித்தான். காமர்ஸ்காரன் எழுதுவதால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா. அதில் ஹாயென் என்று ஒரு மாகாணம். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் மாகாணம் அதுதான். நம் தஞ்சாவூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே நெல்லாகவே ஓடும் இல்லையா, அங்கே அப்படி மலை, மேடு, பள்ளம் எல்லாம் ஆலிவாகவே ஓடும். பெரும்பாலும் பிக்குவால் என்ற ரகம். பெரிய பண்ணைகளும் உண்டு. ஆனால் நான் பேசப்போவது தாத்தா காலத்திலிருந்து வந்த இரண்டு மூன்று ஹெக்டேர் தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி.

இந்தக் குடும்பங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழுகின்றன. "எண்ணெய் விலை ஏறிவிட்டது, இனி இவர்களுக்கு யோகம்தான்" என்பது முதல் கருத்து. "சின்னத் தோப்பு பிழைக்க வேண்டுமென்றால் சொந்தமாக பிராண்ட் ஆரம்பித்து பாட்டிலில் விற்க வேண்டும்" என்பது இரண்டாவது. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. மாற்ற வேண்டியது வேறு ஒன்று. அது ஆலை வாசலில் இருக்கும் தராசு.

முதல் கருத்தைப் பார்ப்போம். ஸ்பெயின் 2021-22 பருவத்தில் ஏறக்குறைய 15 லட்சம் டன் எண்ணெய் எடுத்தது. 2022-23-ல் வறட்சியும் பூக்கும் சமயத்து வெயிலும் சேர்ந்து அடித்ததில் அது சுமார் 6.7 லட்சம் டன்னாக விழுந்தது. அதற்கடுத்த பருவமும் 8.5 லட்சம் டன் அளவில்தான் நின்றது. 2020-ல் ஆலை வாசலில் கிலோ 2 யூரோ அளவில் இருந்த எக்ஸ்ட்ரா விர்ஜின், 2024 ஜனவரியில் 9 யூரோவைத் தொட்டது. மழை வந்து 2024-25-ல் விளைச்சல் மறுபடி 14 லட்சம் டன் அளவுக்கு ஏறியதும், 2025-ல் விலை 4 யூரோ பக்கம் இறங்கிவிட்டது.

இப்போது ஒரு கற்பனைத் தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 100 மரம், மொத்தம் 300. நல்ல வருடத்தில் மரத்துக்கு 30 கிலோ காய் என்றால் 9,000 கிலோ. ஐந்து கிலோ காய்க்கு ஒரு கிலோ எண்ணெய் என்று வைத்தால் 1,800 கிலோ எண்ணெய். கிலோ 4 யூரோ என்றால் வரவு 7,200 யூரோ. வறட்சி வருடத்தில் விலை 9 யூரோ, ஆனால் காய் பாதி. 900 கிலோ எண்ணெய்க்கு 8,100 யூரோ. விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் வரவு கூடியது 900 யூரோதான்! பேப்பரில் வந்த தலைப்புச் செய்தி வேறு, வீட்டு நோட்டுப் புத்தகம் வேறு. செலவு மட்டும் பாதியாகக் குறைவதில்லை. கவாத்து, உழவு, மருந்து எல்லாம் மரத்துக்கு மரம் செய்தே ஆக வேண்டும். போதாக்குறைக்கு ஆலிவ் நம் மாமரம் மாதிரி. ஒரு வருடம் கொட்டிக் கொடுத்தால் அடுத்த வருடம் கையை விரிக்கும்.

எதிரில் நிற்கும் போட்டியாளன் யார்? 'அதிதீவிர' முறைத் தோப்புகள். ஹெக்டேருக்கு 1,500 முதல் 2,000 வரை குட்டைச் செடிகளை வேலி மாதிரி நட்டு, சொட்டுநீர் கொடுத்து, மேலே ஒரு பெரிய இயந்திரத்தை ஓட்டிக் காயை உதிர்த்துவிடுகிறார்கள். ஆர்பெகினா போன்ற ரகங்கள் இதற்குத் தோதானவை. மலைச்சரிவில் இருக்கும் பழைய தோப்பில் அந்த இயந்திரம் ஏறவே முடியாது. மரத்தடியில் வலை விரித்து, நீளக் கழியால் தட்டி அல்லது கை அதிர்வு இயந்திரத்தால் உலுக்கிக் காயை இறக்க வேண்டும். கிலோவுக்கு ஆகும் செலவில் பழைய தோப்பு ஜெயிக்க வழியே இல்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

அதனால்தான் "பிராண்ட் ஆரம்பி" என்ற இரண்டாவது யோசனை கவர்ச்சியாகத் தெரிகிறது. மார்க்கெட்டிங் பாடம் படித்த எவனும் இதைத்தான் சொல்வான். நம் கற்பனைத் தோப்பின் 1,800 கிலோ எண்ணெய் அரை லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட 3,900 பாட்டில். ஒரு குடும்பம் வருடத்துக்கு 3,900 பாட்டில் விற்க வேண்டும். பாட்டில், மூடி, லேபிள், சோதனைக் கட்டணம், தபால் செலவு, உடைந்தவை, வராத பாக்கி, எல்லாம் அவர்கள் தலையில். வறட்சி வருடத்தில் பழகிய வாடிக்கையாளருக்கே கொடுக்கச் சரக்கு இருக்காது. முக்கியமான விஷயம், இந்தத் தோப்புக்காரர்களில் பலருக்கு இது முழுநேர வேலையே கிடையாது. ஆசிரியராகவோ மெக்கானிக்காகவோ இருந்துகொண்டு சனி ஞாயிறில் மரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பிராண்ட் நடத்திப் பெயர் வாங்கிய குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்குப் பொருந்தும் யோசனையைப் பத்துப் பேருக்கும் சொல்வது யோசனை இல்லை, கைகழுவல்.

மீதி ஒன்பது பேர் எங்கே போகிறார்கள்? ஊர்க் கூட்டுறவு ஆலைக்கு. ஹாயெனில் அநேகமாக ஊருக்கு ஊர் ஒன்று இருக்கும். டிராக்டர் டிரெய்லரில் காயைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எடை போட்டு, ஒரு மாதிரி எடுத்து எண்ணெய்ச் சதவீதம் பார்ப்பார்கள். கழுவி, அரைத்து, 27 டிகிரிக்கு மேல் போகாமல் அரைமணி நேரத்துக்கு மேல் பிசைந்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் எண்ணெய் பிரியும். செக்குக் கல் எல்லாம் இப்போது பெரும்பாலும் வாசலில் அழகுக்குத்தான் நிற்கிறது.

பல கூட்டுறவுகளில் பட்டுவாடா இப்படி நடக்கும்: நீ கொண்டுவந்த காயின் எடை, அதில் எண்ணெய்ச் சதவீதம், இரண்டையும் பெருக்கினால் உன் பங்கு. தரையில் விழுந்து பொறுக்கிய காயைத் தனியாக வைப்பார்கள். மரத்திலிருந்து பறித்தது எல்லாம் ஒரே தொட்டி, வருடக் கடைசியில் ஒரே சராசரி விலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது.

சதவீதம் என்பது ஏமாற்றுக்காரச் சமாசாரம். நவம்பரில் ஒருவர் மரத்தில் 100 கிலோ காய், அதில் 18 கிலோ எண்ணெய். சதவீதம் 18. ஜனவரி வரை காத்திருக்கிறார். ஒரு கட்டத்துக்குப் பிறகு காயில் புதிதாக எண்ணெய் சேர்வது நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வற்றும். 10 கிலோ தண்ணீர் போனால் மிச்சம் 90 கிலோ காய், அதே 18 கிலோ எண்ணெய். சதவீதம் 20! ஊர் டீக்கடையில், மன்னிக்கவும், அங்கே பாரில், "எனக்கு 20 வந்தது, உனக்கு?" என்று பேச்சு. உண்மையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட கூடவில்லை. வாங்கும் பணமும் கூடவில்லை. நடுவில் கொஞ்சம் காய் தரையில் விழுந்திருக்கும். காய் மரத்திலேயே தங்கியதால் அடுத்த வருடப் பூவும் குறையும். முற்றிப் பழுத்த காயின் எண்ணெய்யில் காரமும் கசப்பும், அதாவது நல்ல பாலிஃபீனால்களும் இறங்கியிருக்கும்.

தரம் இறங்கினால் என்ன ஆகும்? எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று சொல்ல வேண்டுமானால் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதோடு பயிற்சி பெற்ற குழு ருசி பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும். சிறு குறை இருந்தால் வெறும் விர்ஜின். அதற்கும் கீழே 'லாம்பான்தே', விளக்கெரிக்கத்தான் லாயக்கு என்று அர்த்தம் (நம் விளக்கெண்ணெய் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதைச் சுத்திகரிக்காமல் சாப்பிட முடியாது. காய் பறித்து 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாமல் மூட்டையில் புழுங்கினாலே குறை வந்துவிடும்.

அக்டோபர் கடைசியில் பச்சையாகப் பறித்து அன்று சாயங்காலமே கொண்டுவந்து கொட்டுகிறவரும், ஜனவரியில் இரண்டு நாள் வைத்துக் கொண்டுவருகிறவரும் ஒரே தொட்டியில் ஒரே சராசரி வாங்கினால், முதல் ஆள் எத்தனை வருடம் அப்படிச் செய்வார்? அவருடைய தரம் அடுத்தவர் கணக்கில் கரைந்துவிடுகிறது. செலவில் ஜெயிக்க முடியாத தோப்புக்குக் கையில் இருக்கும் ஒரே சீட்டு தரம்தான். அந்தச் சீட்டை மதிக்காத தராசை வாசலில் வைத்துக்கொண்டு "சின்ன விவசாயி அழிகிறானே" என்று வருத்தப்படுவதில் என்ன பிரயோஜனம்?

என் யோசனை இதுதான். பருவம் தொடங்குவதற்கு முன்பே கூட்டுறவு ஒரு பட்டியல் ஒட்ட வேண்டும். இந்தத் தேதிக்குள் வந்தால் எண்ணெய்க் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல், அன்றன்றைக்கே வந்த அடிபடாத காய்க்கு இவ்வளவு, தனித் தொட்டி, தனிக் கணக்கு. விற்ற பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செவில்யா மாகாணத்து எஸ்தெபாவில் பல ஊர் ஆலைகள் சேர்ந்து ஒரே பெயரில் விற்றுத் தரத்துக்குப் பெயர் வாங்கியிருக்கின்றன. பிராண்ட் வேண்டும்தான், ஆனால் அது ஆயிரம் குடும்பங்களுக்கு ஒன்றாக இருந்தால் போதும்.

எதிர்ப்பு வரும், தெரியும். அக்டோபரில் பறித்தால் எண்ணெய் நிஜமாகவே குறைவு, பச்சைக் காயில் ஈரம் அதிகம் என்பதால் சக்கையோடு கொஞ்சம் எண்ணெய்யும் போய்விடும் என்பார்கள். உண்மை. அந்த நஷ்டத்தை ஈடு செய்யத்தான் கூடுதல் தொகை. எல்லோரும் அக்டோபரிலேயே பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எண்ணெய் சேர்வது நின்ற பிறகும் காத்திருப்பதற்குத்தான் காரணம் இல்லை என்கிறேன். எண்ணெய்ப் பஞ்ச வருடத்தில் தரங்களுக்கு நடுவே விலை வித்தியாசம் சுருங்கிவிடும் என்பதும் சரியே. ஆனால் பஞ்சம் எல்லா வருடமும் வராது, மலிவு வருடத்தில்தான் சின்னத் தோப்பு சாகிறது. இன்னொரு எதிர்ப்புதான் கடினமானது. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. எழுபது வயதுப் பெரியவர், கூலிக்கு ஆள் கிடைக்கும்போதுதான் பறிக்க முடியும். அவரிடம் போய் முன்னாடியே பறியுங்கள் என்றால் எங்கே போவார்? அதற்கும் கூட்டுறவுதான் பதில் சொல்ல வேண்டும். ஆலையைச் சேர்ந்து நடத்துகிறவர்கள், அறுவடைக் கும்பலையும் அதிர்வு இயந்திரத்தையும் சேர்ந்து வைத்துக்கொண்டு முறை போட்டுப் பறிக்க முடியாதா என்ன?

கடைசியாக ஒரு கணக்கு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் சொந்த உழைப்புக்கும் கூலி போட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். குடும்பத் தோப்பில் யாரும் அதைப் போடுவதில்லை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் இலவசம். அதனால்தான் தோப்பு லாபத்தில் இருப்பது போலத் தெரிகிறது. மாத்ரிட்டில் வேலை பார்க்கும் மகள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தால் முதலில் அந்தக் கூலியைத்தான் எழுதுவாள், மீதி என்னவென்று பார்ப்பாள், தோப்பை விற்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று முடிவு செய்வாள். மலைச்சரிவுத் தோப்பை வாங்க ஆளும் கிடைப்பது கஷ்டம். விட்டுவிட்டால் புதர் மண்டும், கோடையில் தீ பிடிக்கும். அவள் கூலியும் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சுகிற மாதிரி தராசு இருந்தால்தான் அந்த மரங்களுக்கு அடுத்த தலைமுறை உண்டு. மானியம் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

கடையில் பாட்டிலை எடுக்கும் நாமும் ஒன்று செய்யலாம். 'போமஸ்' என்று எழுதியிருந்தால் அது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய், அதில் கொஞ்சம் விர்ஜின் கலந்தது. 'லைட்' என்றால் கொழுப்பு குறைவு இல்லை, சுத்திகரித்ததில் ருசி குறைவு. எந்தப் பருவத்து அறுவடை என்று போட்ட பாட்டில் கிடைத்தால் அதை எடுங்கள். விலை கட்டுப்படியாகவில்லையா, நம்ம நல்லெண்ணெய் இருக்கவே இருக்கிறது, ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் வாங்குவதென்றால், நேரத்துக்குப் பறித்தவனுக்குப் பணம் போகிற பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.