கிடா வளர்ப்பில் தீவன ஊட்டங்கள்: எங்கள் நிலைப்பாடு

பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் மூன்று நான்கு மாதம் கட்டிப்போட்டுக் கிடா தேற்றும் கரிசல்காட்டு விவசாயிகள் நாங்கள். வேம்பூர்ச் செம்மறியும் கன்னி, கொடி வெள்ளாடுகளும் எங்கள் பட்டியில் நிற்பவை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் விலைபோகிறவை. ‘எடை கூட்டும்’ டானிக், பொடிகளை வாங்கலாமா என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை வெளியிடுகிறோம்.

தீவனத்தில் உள்ள குறையை ஊட்டம் நிரப்பும்; தீவனத்துக்கு அது ஈடாகாது. தராசில் ஏறாத பலனை நாங்கள் பலனாக ஏற்பதில்லை.

1. மக்காச்சோளம், பிண்ணாக்கு, உளுந்தம்பொட்டு கலந்த அடர்தீவனம் 100 கிலோவுக்குத் தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ போதும். தானியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கிடாவுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். உப்பும் வேண்டிய மட்டும் தண்ணீரும் அதைத் தடுக்க உதவும்.

2. மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்து உயிரை வாங்கும்.

3. அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஒரேயடியாகத் தானியம் கொட்டினால் வயிறு புளிக்கும், துள்ளுமாரி நோய் தாக்கும். அதற்கான தடுப்பூசிக்குப் பிறகே கொழுக்கவைப்பு.

4. வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக், ஹார்மோன் கொடுப்பதை எதிர்க்கிறோம். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை பதிப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்துவிட்டது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதையும் 2006 ஜனவரி 1 முதல் அங்கே நிறுத்திவிட்டார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கு விற்பதை இந்தியா 2019-இல் தடைசெய்தது. நோய்க்கு மருந்து வேறு, எடைக்கு மருந்து வேறு. நோய்க்கான மருந்தையும் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுத்து, மருந்து உடலை விட்டு நீங்கும் விலக்கு நாள் கழிந்த பிறகே விற்க வேண்டும்.

புது ஊட்டம் எதுவானாலும் ஒரே வயதுக் கிடாக்களை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியலில் இரையும் தண்ணீரும் காட்டும் முன் எடை போடுங்கள். கூடிய எடையின் விலை ஊட்டத்தின் விலையைத் தாண்டினால் மட்டும் தொடருங்கள்.

சந்தை நடத்துவோரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே: கண்மதிப்பில் விலை பேசும் இடங்களில் தராசு வையுங்கள். எடை போடாத கிடாவுக்கு எந்த டானிக்கும் வேலை செய்ததாகத்தான் தோன்றும்.