கட்டாய ஓய்வு வரமல்ல

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வேலை போய்விட்டால், விசாரிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான். இத்தனை வருஷம் கம்பெனிக்கு உழைச்சாச்சு, இனிமே உங்களுக்காக வாழுங்க." பத்திரிகைப் பேட்டிகளிலும் இதே கதைதான். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர் சில மாதம் சோர்ந்து கிடக்கிறார். பிறகு தனக்குள் இருந்த விவசாயியையோ ஓவியரையோ கண்டுகொள்கிறார். வேலை போனதால்தான் தன்னையே தெரிந்துகொண்டேன் என்கிறார். படிக்கிற நாமும் நெகிழ்ந்துவிடுகிறோம். இந்த நம்பிக்கை தவறானது, கொடுமையானதும்கூட.

நம் ஊரில் கட்டாய ஓய்வு பெரும்பாலும் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, என்ற பெயரில் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. ஆள்குறைப்பு என்றால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி நோட்டீஸ், இழப்பீடு, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையென்றால் அரசின் முன் அனுமதி என்று பல தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. தொழிலாளி தானே எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆள்குறைப்புக் கணக்கிலேயே வராது. எனவே எப்படியாவது எழுதி வாங்கிவிடுவதுதான் நிர்வாகத்தின் வேலையாகிவிடுகிறது.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். வி.ஆர்.எஸ். அறிவித்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களில் 78,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். அத்தனை பேருக்குமா திடீரென்று தன்னைத் தேடும் ஆசை வந்தது? 2019-இன் தொடக்கத்திலிருந்தே சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்திருந்தது. ஓய்வு வயதை 58-ஆகக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிறதும் போய்விடுமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்த டர்னர் ஒருவர் இருக்கிறார். தனியார் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டு லேத்தில் நின்றவர். 52 வயதில், கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் வடக்கே உள்ள யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் என்றார்கள். போட்டுவிட்டார். அதன்பிறகு வெகுநாள் வரை, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்தில் டீக்கடைப் பக்கமே வரமாட்டார். இப்போது சிறிய பட்டறை ஒன்றில் மாலை நேரத்தில் ஐ.டி.ஐ. பையன்களுக்குச் சொல்லித் தருகிறார். போய்ப் பார்த்தேன். ஒரு பையன் ஃபீடை வேகமாகக் கொடுக்க, லேத்தின் சத்தம் லேசாக மாறியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் "குறைடா" என்றார். டூலிலிருந்து இரும்புச் சுருள் நீலம் பாரித்து விழுந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, சூடு எங்கே ஏறுகிறது, டூல் முனை எப்போது மழுங்கும் என்று நிதானமாக விளக்கினார். பையன் முகத்தில் புரிந்த தெளிவு வந்தது. அருமையான ஆசிரியர் அவர்.

தெருவில் எல்லோரும் சொல்வது, வி.ஆர்.எஸ். வாங்கியதால்தான் இவருக்குள் இருந்த வாத்தியார் வெளியே வந்தார் என்று. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சத்தத்தை வைத்தே தவறு கண்டுபிடிக்கும் காது முப்பது ஆண்டு வேலை தந்தது. வேலை பறிபோனது தந்ததல்ல. அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்று அவர் ஆலையிலேயே பலமுறை கேட்டிருக்கிறார். புரொடக்ஷன் கெடும் என்று மறுத்துவிட்டார்கள். அந்த வாத்தியார் அன்றும் அங்கே இருந்தார். அவரை அடைத்து வைத்தவர்களுக்கே, வெளியே விட்ட பெருமையையும் கொடுப்பது என்ன நியாயம்?

கையில் நேரம் வந்தால் மனிதன் மலர்ந்துவிடுவான் என்பதும் பொய். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்டால் என்ற ஊரின் நூற்பாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய் ஆராய்ந்து 1933-இல் புத்தகம் வெளியிட்டார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்த அந்த ஊரில், நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. கட்டணத்தை நீக்கிய பிறகும் இதே நிலைதான். தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வீட்டு வேலை விடாத பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள்.

அப்படியானால் அந்த டர்னர் எப்படி மீண்டார்? அவருடைய மனைவிக்கு அங்கன்வாடியில் வேலை இருந்தது. வீடு சொந்த வீடு. மகள் படிப்பை முடித்திருந்தாள். பேட்டிகளில் இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இ.பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் (இ.பி.எஸ்.) 58 வயதில்தான் முழு ஓய்வூதியம். 52-இல் கேட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் வெட்டி, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமோ மாதம் 1,000 ரூபாய். இந்தப் பணத்தில் என்ன தேடுவது? ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஃபிட்டர், வெல்டர், வைண்டர் என்று பலர் இருப்பார்கள். அவர்களை எந்த மேடையும் கூப்பிடுவதில்லை. ஶ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014-இல் ஏறத்தாழ 5,000 பேர் வி.ஆர்.எஸ். வாங்கிப் போனார்கள். பலர் முப்பது வயதுகூட ஆகாத பெண்கள். அந்தப் பெண்பிள்ளைகளிடம் போய் உங்களுக்காக வாழுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒருவர் மீண்டு எழுந்தால் அந்தப் பெருமை அவருக்கும் அவரைத் தாங்கிய வீட்டுக்கும் உரியது. நம்மிடையே புழங்கும் கதை அதை நிர்வாகத்துக்குத் தாரைவார்க்கிறது. எழ முடியாதவரையோ மேலும் குத்துகிறது. வேலையும் போய், இப்போது தன்னைக் கண்டுபிடிக்கவும் தெரியாதவர் என்ற கெட்ட பெயரும் அவருக்கு. மனம் ஒடிந்து கிடப்பவரிடம் நாம் ஆறுதல் என்று நினைத்துச் சொல்லும் வார்த்தை, அவர் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது.

தொழிலாளி தன்னை அறிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறை உண்மையிலேயே இருந்தால், அதற்கான நேரத்தை வேலையில் இருக்கும்போதே கொடுங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மிஷினை விட்டு இறக்கி, அப்ரண்டிஸ்களுக்குக் கற்றுத்தர விடுங்கள், முழுச் சம்பளத்தோடு. ஊதிய ஒப்பந்தம் பேசும்போது தொழிற்சங்கங்கள் போனஸோடு இதையும் கேட்கட்டும். வி.ஆர்.எஸ். படிவத்தை நீட்டும் நிர்வாகம், 58 வயது வரை பி.எஃப். பங்கையும் மருத்துவக் காப்பீட்டையும் கட்டிவிட்டுப் பிறகு கையெழுத்துக் கேட்கட்டும்.