மன்னிப்பது யார்?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார். மறுநாள் நாலு பெரியவர்கள் கூடி, "வாய் தவறி வந்துடுச்சு, மன்னிச்சு விட்டுடுப்பா" என்று சொல்லி இருவரையும் கைகுலுக்க வைத்துவிட்டார்கள்.

"நிஜமாவே மன்னிச்சுட்டியாப்பா?" என்று கேட்டேன். "மன்னிக்கலைன்னா நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவர் தரும் மன்னிப்பு, மன்னிப்புதானா?

இந்தப் பக்கத்தில் சமாதானம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததால், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதிகாரிகள் அந்த மக்களுக்குத் தனி மயானம் ஒதுக்கினார்கள். தானாக முன்வந்து விசாரித்த சென்னை உயர் நீதிமன்றமோ, இப்படித் தனியாகக் கொடுத்தால் அரசே பிரிவினையை வளர்ப்பதாகாதா என்று கேட்டது. சரியான கேள்வி! சண்டை ஓய்வது வேறு, நியாயம் கிடைப்பது வேறு.

அதற்காக மன்னிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வேலூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று சோனியா காந்தியே கேட்டுக்கொண்டார். 2000-ல் அது ஆயுள் தண்டனையானது. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்தார். யாரும் வற்புறுத்தவில்லை, இழந்தவர்களே எடுத்த முடிவு. ஆனால் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு போலீஸ்காரர்கள் உட்பட இன்னும் பலர் இறந்தார்கள். அவர்கள் சார்பில் மன்னிக்கப் பிரியங்காவாலும் முடியாது. அந்தச் சந்திப்பால் சிறைக் கதவும் திறக்கவில்லை. நளினி வெளியே வந்தது 2022 நவம்பரில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி.

மேலவளவில் நடந்தது இதற்கு நேர் எதிர். மதுரை மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு வந்த முருகேசனோடு சேர்த்து 6 பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் 3 பேரை 2008-லும், 13 பேரை 2019 நவம்பரிலும், தலைவர்களின் நூற்றாண்டை ஒட்டி அரசு முன்கூட்டியே விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் மன்னித்ததால் வந்த விடுதலை அல்ல அது. கைதிகள் திருந்தவே மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாதிக்காக நடந்த கொலையில், அதே ஊரில் வாழ வேண்டிய குடும்பங்களின் குரல்தான் முதலில் கேட்கப்பட வேண்டும்.

வள்ளுவரைப் பாருங்கள். பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார், செங்கோன்மையை அரசியலில் வைத்தார். பொறுத்துப்போவது தனிமனிதனின் பெருமை. நீதி செய்வது அரசின் கடமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அப்பாவின் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவரை மன்னிக்கச் சொன்ன அந்த நாலு பேரில் ஒருவராவது, "இனி இப்படிப் பேசாதே" என்று மேஸ்திரியிடம் சொன்னார்களா?

அப்பாவிடம் கேட்டேன். இல்லையாம்.